பழைய காரின் வெற்றோட்ட நோயும் அதனை நாடும் முறையும்

நெடுஞ்சாலையில் ஒழுங்காக ஓடி வந்த கார், இரயில்வே கேட்டின் முன் நின்றவுடன் நடுங்கத் தொடங்குகிறது. ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் இரண்டு முறை தும்மி அணைந்து விடுகிறது. சாவியைத் திருப்பினால் மீண்டும் உயிர் பெறுகிறது. அடுத்த நிறுத்தத்தில் மறுபடியும் அதே கதை. பழைய கார் வைத்திருப்போர் அனைவரும் அறிந்த தொல்லை இது. வண்டியை இழுக்கும் வேலை ஏதுமின்றி, தன்னைத்தான் சுழற்றிக்கொள்வதற்கு மட்டுமே எஞ்சின் ஓடுகின்ற நிலையைப் பட்டறைகளில் ஐடிலிங் என்பர். சிலர் ஸ்லோ என்பர். "ஸ்லோ நிக்கல" என்று மெக்கானிக் சொல்லும்போது அவர் குறிப்பது இந்நிலையின் கோளாற்றையே. தமிழில் இதனை வெற்றோட்டம் எனலாம். இக்கட்டுரையிலும் அச்சொல்லே ஆளப்படுகிறது.

தமிழ்த்துறை மலரில் எஞ்சினுக்கு என்ன இடம் என்று சிலர் வினவக்கூடும். உத்தரபாராவில் 1957 முதல் 2014 வரை செய்யப்பட்ட அம்பாசடர், மும்பையில் செய்யப்பட்ட பிரீமியர் பத்மினி, சென்னை வண்டலூருக்கு அருகே செய்யப்பட்ட ஸ்டாண்டர்டு ஹெரால்டு, 1983 டிசம்பரில் வெளிவந்த மாருதி 800 ஆகியவற்றைப் பழுது பார்த்துப் பழகிய கைகள் இன்று முதுமை எய்திவிட்டன. அவர்களுடைய அறிவு பெரும்பாலும் ஏட்டில் ஏறாத அறிவு. செவியிலும் விரல் நுனியிலும் தங்கிய அறிவு. கார்புரேட்டரைக் கண்ணால் கண்டிராத இளைஞர்கள் பட்டறைக்கு வந்துவிட்ட இக்காலத்தில், களமருதூர் போன்ற ஊர்களின் கொட்டகைகளில் நிற்கும் பழைய வண்டிகளுக்கு "கார்புரேட்டரையே மாற்ற வேண்டும்", "எஞ்சினையே பிரிக்க வேண்டும்" என்னும் தீர்ப்புகள் எளிதில் வழங்கப்படுகின்றன. பல ஆயிரம் ரூபாய் செலவான பின்னும் நடுக்கம் நீங்குவதில்லை. அச்செலவைத் தவிர்க்கும் அறிவு எளிய தமிழில் எழுதி வைக்கத் தக்கதே என்பது என் எண்ணம்.

வேகத்தில் மறைவது நிற்கையில் வெளிப்படும்

முதலில் ஒன்றைத் தெளிந்து கொள்ள வேண்டும். வெற்றோட்டத்தில் மட்டும் தோன்றும் கோளாறு பெரும்பாலும் வெற்றோட்டத்தில் பிறந்த கோளாறு அன்று. அது எப்போதும் இருக்கின்றது. வேகம் அதனை மறைக்கின்றது.

நான்கு உருளைகள் கொண்ட எஞ்சின் நிமிடத்திற்கு 700 சுற்றுச் சுற்றுகையில் ஒவ்வோர் உருளையிலும் 350 முறை தீ மூளுகிறது. 3000 சுற்றில் அது 1500 முறை ஆகிறது. வேகமாகச் சுழலும் கனத்த ஃபிளைவீல், ஒரு தீ தப்பினாலும் அடுத்த தீ வரும்வரை எஞ்சினைத் தள்ளிக்கொண்டு போய்விடும். மெல்லச் சுழலும்போது அந்த இருப்பு அதனிடம் இராது. ஒரு தீ தப்பினால் வண்டி முழுவதும் உதறும்.

காற்றின் கணக்கும் அவ்வாறே. கால் எடுத்த நிலையில் கார்புரேட்டரின் த்ராட்டில் தகடு ஏறத்தாழ மூடிக் கிடக்கிறது. உட்செல்லும் காற்று, முழு வேகத்தில் செல்வதில் பத்தில் ஒரு பங்கு கூட இராது. மூடிய தகட்டுக்குக் கீழே பிஸ்டன்கள் உறிஞ்சுவதால் அங்கே வலிய வெற்றிடம் உண்டாகிறது. உடல்நலமுள்ள எஞ்சினில் வேக்கம் கேஜை இணைத்தால் 17 முதல் 21 அங்குலம் வரை முள் அசையாமல் நிற்கும். இவ்வெற்றிடமே, அரை மில்லிமீட்டர் அளவேயான ஐடில் ஜெட்டின் துளை வழியாகப் பெட்ரோலை இழுத்து, தகட்டின் கீழுள்ள சிறு துளையின் வழியே உட்செலுத்துகிறது. உள்ளே செல்லும் காற்றும் சிறிது, பெட்ரோலும் சிறிது. இந்நிலையில் தாள் பேக்கிங்கில் ஒரு மயிரிழை வெடிப்பு இருந்து அதன்வழி கூடுதல் காற்று புகுந்தாலும் கலவை நிலைகுலைந்துவிடும். அதே வெடிப்பு வேகத்தில் ஒரு பொருட்டே ஆகாது. ஆற்றில் ஒரு குடம் உப்புநீரைக் கொட்டினால் தெரிவதில்லை. ஒரு சொம்பு நீரில் ஒரு சிட்டிகை உப்பு தெரிந்துவிடுகிறது அன்றோ.

இதனாலேதான் திருகாணியைத் திருகி வெற்றோட்ட வேகத்தைக் கூட்டிவிடும் பட்டறை வழக்கத்தை நான் ஏற்பதில்லை. வண்டி அணையாது என்பது உண்மை. ஆயினும் நோய் அப்படியே இருக்கிறது, பெட்ரோல் வீணாகிறது, கியர் மாற்றும்போது பல்சக்கரங்கள் கரகரக்கின்றன, எது கெட்டது என்று சொல்லவல்ல ஒரே சான்றும் மறைக்கப்பட்டு விடுகிறது.

வினவுதலும் கேட்டலும்

நோயை அறிந்து, அதன் காரணத்தை அறிந்து, அதன் பின்னரே தணிக்கும் வழியில் இறங்க வேண்டும் என மருந்து அதிகாரத்தில் வள்ளுவர் வகுத்த வரிசை எஞ்சினுக்கும் பொருந்தும். ஸ்பானரை எடுக்குமுன் உரிமையாளரிடம் கேட்க வேண்டியவை சில உள. காலையில் குளிர்ந்த எஞ்சினில் மட்டும் நடுங்குகிறதா, சூடேறிய பின்னரா? மழை நாளில் மிகுகிறதா? அண்மையில் பெட்ரோல் நிரப்பிய பிறகு தொடங்கியதா? பல நாள் ஓடாமல் கிடந்ததா? இவ்வினாக்களுக்குக் கிடைக்கும் விடைகளிலேயே பாதி வேலை முடிந்துவிடும். குளிரில் மட்டும் நடுங்குவது சோக்கைக் காட்டும். மழையில் நடுங்குவது மின்பொறியைக் காட்டும். வெயிலில் நெடுந்தொலைவு ஓடி நின்றபின் அணைவது பெட்ரோல் ஆவியாவதைக் காட்டும்.

எஞ்சின் சீராக ஓடியும் வண்டி மட்டும் நடுங்குவதுண்டு. எஞ்சினைத் தாங்கும் மவுண்டிங் இரப்பர் இற்றுப் போயிருந்தால் இவ்வாறு நேரும். ஓசை சீராக இருந்து நடுக்கம் மட்டும் இருப்பின் முதலில் இரப்பரைப் பார்க்க.

அடுத்து, சைலன்சர் குழாயின் பின்னால் நின்று கேட்க வேண்டும். ஒரு தாளை அதன் வாய்க்கு இரண்டு விரற்கடை தள்ளிப் பிடித்துப் பார்ப்பது பழைய மெக்கானிக்குகளின் முறை. தாள் இடைவிடாது வெளியே தள்ளப்பட்டால் நன்று. ஒழுங்கான இடைவெளியில் தளர்ந்து விழுந்தால் குறிப்பிட்ட ஓர் உருளை வேலை செய்யவில்லை என்பது பொருள். தாள் உள்நோக்கி இழுக்கப்பட்டால் எக்ஸாஸ்ட் வால்வு எரிந்திருக்கலாம் என்று ஐயுறலாம். ஒழுங்கின்றி எப்போதாவது தவறினால் குற்றம் ஓர் உருளைக்குரியதன்று. எல்லாவற்றுக்கும் பொதுவான பெட்ரோலிலோ காற்றிலோ பொறியிலோ உள்ளது. ஒழுங்கான தவறுதலா, ஒழுங்கற்ற தவறுதலா என்னும் இவ்வேறுபாட்டைச் செவி கற்றுக் கொண்டால் வேறு கருவி பல தேவைப்படா.

சித்த மருத்துவர் நாடியில் வாதம், பித்தம், ஐயம் என மூன்றைத் தேடுவது போல எஞ்சினிலும் காற்று, பொறி, பெட்ரோல் என மூன்றைத் தேட வேண்டும். பெரும்பாலோர் பெட்ரோலில் தொடங்கிக் கார்புரேட்டரைக் கழற்றி விடுகின்றனர். காற்றில் தொடங்குவதே செலவற்ற வழி.

திருட்டுக் காற்று

என் தாய்மாமன் வீட்டில் ஓர் அம்பாசடர் உண்டு. இரண்டாண்டுகளுக்கு முன் அது நின்ற இடத்திலெல்லாம் அணையத் தொடங்கியது. ஒரு பட்டறையில் பிளக்குகளை மாற்றினர். இன்னொரு பட்டறையில் கார்புரேட்டரை மாற்ற வேண்டும் என்று கூறி விலையும் சொல்லிவிட்டனர். பேத்தியை மாதந்தோறும் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வது அந்த வண்டியில்தான். ஆதலால் மாமா அச்செலவுக்கும் இசைந்துவிட்டார். அந்நிலையில் உளுந்தூர்பேட்டைப் பக்கமிருந்து எழுபது வயது கடந்த மெக்கானிக் ஒருவரை அழைத்து வந்தோம். அவர் பெட்டியைத் திறக்கவே இல்லை. பானெட்டின் மேல் கை ஊன்றிச் சிறிது நேரம் கேட்டார். பிறகு, "பாய், இது பெட்ரோல் கேக்கல, எங்கயோ காத்தைத் திருடுது" என்றார். ஒரு கிண்ணத்தில் சோப்பு நீரும் பழைய பெயின்ட் பிரஷும் கேட்டு வாங்கி, கார்புரேட்டரின் அடிப்பகுதி இணைப்பைச் சுற்றி மெல்லத் தடவினார். ஓரிடத்தில் நீர் உறிஞ்சப்பட்டது. எஞ்சினின் ஓசை உடனே மாறியது. அடியிலிருந்த வெப்பம் தடுக்கும் தட்டை வெடித்திருந்தது. அதனையும் இரண்டு பேக்கிங்கையும் மாற்றியதோடு சரி. கார்புரேட்டர் இன்றும் பழையதே.

அவர் செய்ததில் மந்திரம் இல்லை. த்ராட்டில் தகட்டுக்குக் கீழே எங்கு இடைவெளி இருப்பினும் வெற்றிடம் வெளிக்காற்றை இழுக்கும். அவ்விடத்தை நீரோ எண்ணெயோ ஒரு கணம் அடைத்தால் கலவை மாறும், ஓசை மாறும். சிலர் சோப்பு நீருக்குப் பதிலாகப் பெட்ரோலையே ஊற்றிப் பார்க்கின்றனர். சூடேறிய எஞ்சினின் மேல் பெட்ரோல் ஊற்றுவது தீயை விருந்துக்கு அழைப்பதாகும், ஒருபோதும் கூடாது.

இவ்வாறு சோதிக்க வேண்டிய இடங்கள்: கார்புரேட்டரின் அடி, மேனிஃபோல்டு எஞ்சினோடு சேரும் நீண்ட பேக்கிங், டெல்கோவுக்குச் செல்லும் மெல்லிய வேக்கம் குழாய், சர்வோ பிரேக் உள்ள வண்டிகளில் அதற்குச் செல்லும் பருத்த குழாய். இரப்பர் குழாய்களின் நுனி வெயிலிலும் சூட்டிலும் இறுகி வெடிப்பது நம் ஊர்களில் இயல்பு. ஒவ்வொரு குழாயாக விரலால் நசுக்கிப் பார்த்தாலே போதும். எதனை நசுக்கும்போது எஞ்சின் சீராகிறதோ அங்கே குற்றம் உள்ளது.

இவற்றுக்கு அப்பால் த்ராட்டில் தகட்டைத் தாங்கும் குறுக்குத் தண்டு ஒன்றுண்டு. முப்பது நாற்பது ஆண்டு அசைந்து அசைந்து, அது செல்லும் துளை நீள்வட்டமாகிவிடும். விரலால் பிடித்து ஆட்டினால் தடதடக்கும். புதுக் கார்புரேட்டர் கிடைப்பது அரிதாகிவிட்ட காலம் இது. லேத்துப் பட்டறையில் அத்துளைக்குப் புஷ் போடச் சொன்னால் சில நூறு ரூபாயில் பழையதே நெடுநாள் உழைக்கும். நல்ல லேத்துக்காரர் அமைவது உங்கள் நற்பேறு.

பொறியும் வால்வும்

காற்றில் குற்றமில்லை எனில் மின்பொறியைப் பார்க்க வேண்டும். பிளக்குகளை வரிசை மாறாமல் கழற்றி வெள்ளைத் துணிமேல் அடுக்குக. நுனி இளம் பழுப்பாக இருப்பின் எரிதல் செம்மையாக நடக்கிறது. கரிப்பொடி படிந்திருந்தால் பெட்ரோல் மிகுதி. வெளுத்திருந்தால் பெட்ரோல் குறைவு அல்லது திருட்டுக் காற்று. எண்ணெய்ப் பசை இருந்தால் பிஸ்டன் ரிங்குகளோ வால்வு சீல்களோ தேய்ந்துள்ளன. நான்கும் ஒரே நிறமாயின் குற்றம் பொதுவானது. ஒன்று மட்டும் வேறுபட்டால் அவ்வுருளையைத் தனியே ஆராய்க.

பழைய வண்டிகளின் டெல்கோவினுள் பாயிண்ட் என்னும் சிறு தொடுப்பு உண்டு. திறந்த நிலையில் அதன் இடைவெளி ஏறத்தாழ 0.4 மில்லிமீட்டர் இருத்தல் வேண்டும். சரியான அளவை அவ்வண்டியின் கையேட்டில் காண்க. அதன் குதிகால் தேயத் தேய இடைவெளி சுருங்குகிறது; அதனுடன் பொறி விழும் நேரமும் தாமதப்படுகிறது. வேகத்தில் இது மந்தமாகத் தோன்றும். வெற்றோட்டத்தில் தளர்வாகத் தோன்றும். பாயிண்டில் ஒருபுறம் குழியும் மறுபுறம் முளையும் விழுந்திருந்தால் கண்டன்சரை ஐயுறுக. மழைக்காலத்து நோயாளிக்கு எளிய சோதனை ஒன்றுண்டு: இரவில் விளக்கை அணைத்துவிட்டு எஞ்சின் ஓடுகையில் பானெட்டுக்குள் பார்த்தால், வெடித்த மூடியிலும் நைந்த பிளக் ஒயரிலும் நீலப்பொறி ஊர்வது கண்ணுக்குத் தெரியும்.

எந்த உருளை உழைக்கவில்லை என்பதை அறிய ஒவ்வொரு பிளக் ஒயராகப் பிடுங்கிப் பார்ப்பது பட்டறை வழக்கம். ஓடும் எஞ்சினில் கை வைத்தால் கடும் அதிர்ச்சி தாக்கும். ஆகவே எஞ்சினை அணைத்து, ஓர் ஒயரைக் கழற்றி, வேறொரு பிளக்கில் மாட்டி, அதன் உடல் எஞ்சின் இரும்பில் படும்படி வைத்த பின்னரே ஓட்டிப் பார்க்க வேண்டும். நடுக்கம் மிகுந்தால் அவ்வுருளை அதுவரை உழைத்தது. மாற்றமே இல்லையெனில் சோம்பேறி அவன்தான்.

சோம்பேறி உருளையில் பொறியும் நன்றாக இருப்பின் வால்வைப் பார்க்க வேண்டும். இதில் அம்பாசடர்க்காரர்கள் அறிய வேண்டிய செய்தி ஒன்று உண்டு. 2000 பிப்ரவரி முதல் நாடு முழுவதும் ஈயமற்ற பெட்ரோலே வழங்கப்படுகிறது. பழைய வார்ப்பிரும்பு ஹெட்டுகளில் எக்ஸாஸ்ட் வால்வு அமரும் இருக்கைக்கு அந்த ஈயமே ஒருவகை மெத்தையாக உதவி வந்தது. அது நீங்கியபின் நெடுந்தொலைவு விரைந்தோடும் வண்டிகளில் வால்வு தன் இருக்கையில் மெல்லப் புதைந்து, டேப்பட் இடைவெளி குறைந்துகொண்டே வரும். வழக்கமாகத் தேய்மானம் இடைவெளியைக் கூட்டி ஓசை எழுப்பும். இதுவோ ஓசையின்றி இறுகும். இறுகிய வால்வு முழுதும் மூடாது; அழுத்தம் கசியும்; மெதுவாகச் சுழல்கையில் கசிவுக்கு நேரமும் மிகுதி. ஃபில்லர் கேஜ் கொண்டு டேப்பட் சரி செய்தபின் பல வண்டிகள் நோய் நீங்கி எழுகின்றன.

கரும்பும் பெட்ரோலும்

கள்ளக்குறிச்சி மாவட்டம் கரும்பு விளையும் பூமி. மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் அமைந்துள்ளன. அறுவடைக் காலத்தில் கரும்பு வண்டிகளின் பின்னே ஊர்ந்து செல்லும் பழைய கார், தன் வெற்றோட்ட நோயின் காரணங்களுள் ஒன்று அந்தப் பயிரிலிருந்தே வருகிறது என்பதை அறியாது. கரும்புச் சாறு, சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகு, தானியங்கள் ஆகியவற்றிலிருந்து வடிக்கப்படும் எத்தனால் பெட்ரோலில் கலக்கப்படுகிறது. 2022இல் நாடு முழுவதும் 10 விழுக்காட்டை எட்டிய அக்கலப்பு, 2023 பிப்ரவரியில் 20 விழுக்காடாக அறிமுகமாகி, 2025க்குள் பரவலாயிற்று. கரும்பு விவசாயிக்கும் அந்நியச் செலாவணிக்கும் அதனால் உள்ள நன்மையை மறுப்பதற்கில்லை. பழைய கார்புரேட்டருக்கு அதனால் விளையும் தொல்லையையும் மறைப்பதற்கில்லை.

தூய பெட்ரோல் 1 கிலோ முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். 20 விழுக்காடு கலந்தால் ஏறத்தாழ 13.5 கிலோ. கார்புரேட்டரோ பழைய கணக்கில் துளையிடப்பட்ட பித்தளை ஜெட்டைக் கொண்டது; அது மாற்றத்தை அறியாமல் முன்போலவே அளந்து ஊற்றுகிறது. விளைவாகக் கலவையில் எரிபொருள் பங்கு கிட்டத்தட்ட 8 விழுக்காடு குறைகிறது. ஏற்கெனவே சிறிது திருட்டுக் காற்றுடன் தள்ளாடிக் கொண்டிருந்த வண்டிக்கு இது கடைசிச் சுமை. புதிய பெட்ரோலால் வண்டி கெட்டது என்று உரிமையாளர் கூறுவார்; கெடுதல் முன்பே இருந்தது, பெட்ரோல் அதனை வெளிப்படுத்தியது என்பதே பல வண்டிகளில் உண்மை.

எத்தனாலின் பிற குணங்களும் உள. பழைய இரப்பர்க் குழாய்களையும் பெட்ரோல் பம்பின் டயாஃப்ரத்தையும் அது ஊறச் செய்தும் இறுகச் செய்தும் கெடுக்கிறது. பல்லாண்டுகளாகத் தொட்டியின் அடியில் படிந்த பிசினையும் துருவையும் கிளப்பி விடுகிறது. அவை போய் அடைக்குமிடம் அந்த அரை மில்லிமீட்டர் துளையே. மேலும் அது நீரை ஈர்க்கும். மாதம் ஒருமுறை மட்டும் எடுக்கப்படும் வண்டியில் நீர் மிகுந்து ஓரெல்லையைக் கடந்தால், எத்தனாலும் நீரும் பிரிந்து தொட்டியின் அடியில் தங்கிவிடும். எஞ்சின் முதலில் உறிஞ்சுவது அடியில் உள்ளதையே. எனவே ஓடாத வண்டியில் தொட்டியை நிரப்பி வைத்து மாதக்கணக்கில் விடுதல் நன்றன்று. சிறிதளவு பெட்ரோலைக் கண்ணாடிப் புட்டியில் பிடித்து அசையாது வைத்தால் அடியில் வேறு அடுக்குத் தெரிகிறதா எனக் காணலாம்.

ஐடில் ஜெட்டைக் கழற்றித் துப்புரவு செய்யும்போது ஊசியோ செம்புக் கம்பியோ விட்டுக் குத்தலாகாது. துளை அகன்றால் அந்த ஜெட் பயனற்றதாகிவிடும். கிளீனரில் ஊறவைத்துக் காற்றால் ஊதுவதே முறை. குழாய்களைப் புதிய பெட்ரோலைத் தாங்கும் வகையினவாக மாற்றுவது சிறு செலவு. சித்திரை வெயிலில் அணையும் வண்டிக்குப் பெட்ரோல் பம்பின்மேல் ஈரத்துணி சுற்றும் நம்மவர் வழக்கமும் அறிவுக்குப் பொருந்தியதே. ஆவியாகிப் பம்பை அடைக்கும் பெட்ரோல் குளிர்ந்து மீண்டும் நீர்மமாகிறது.

கடைசியில் திருகாணி

மேற்கூறிய அனைத்தும் சரியான பின்னரே திருகாணியைத் தொட வேண்டும். அம்பாசடரிலும் பத்மினியிலும் பரவலாகக் காணப்பட்ட சோலக்ஸ் வகைக் கார்புரேட்டரில் இரண்டு உண்டு. ஒன்று த்ராட்டில் தகடு எவ்வளவு திறந்து நிற்க வேண்டும் என்பதை வரையறுப்பது. மற்றொன்று வெற்றோட்டக் கலவையை அளப்பது. எஞ்சின் நன்கு சூடேறி, சோக் முழுதும் விலகியபின், கலவைத் திருகாணியை மெல்ல உள்ளே திருகுக, எஞ்சின் தளரும். வெளியே திருகுக; சீராகிப் பின் உருளத் தொடங்கும். இரண்டிற்கும் இடையே எங்கு வேகமும் சீர்மையும் மிகுதியோ அங்கே நிறுத்தி, முதல் திருகாணியால் வேகத்தைக் குறைக்க வேண்டும். இவ்வாறு இரண்டு மூன்று முறை செய்தால் 600 முதல் 900 சுற்றுக்குள், கையேடு கூறும் அளவில் நிலைபெறும்.

கலவைத் திருகாணியை எப்புறம் திருகினாலும் எஞ்சின் சட்டை செய்யவில்லையா? அதுவே பெரிய சான்று. ஐடில் ஜெட்டோ அதன் வழியோ அடைபட்டிருக்கலாம். அல்லது முன்பு யாரோ வேகத்தைக் கூட்டித் தகட்டை அதிகம் திறந்து வைத்திருப்பதால் எஞ்சின் வேறு துளைகளின் வழியே பெட்ரோல் குடித்துக் கொண்டிருக்கலாம். திருகாணியை இறுக்கி முறித்து விடாமல் மீண்டும் காற்றிலிருந்து தொடங்குக. புகைச் சான்றிதழுக்கும் இதில் தொடர்பு உண்டு. பாரத் நிலை இரண்டிற்கு முற்பட்ட நான்கு சக்கரப் பெட்ரோல் வண்டிகளில் வெற்றோட்டப் புகையில் கார்பன் மோனாக்சைடு 3 விழுக்காட்டைக் கடத்தலாகாது என்பது விதி. செம்மையான வெற்றோட்டம் அதனைத் தானே நிறைவு செய்யும்.

கார்பன் மோனாக்சைடு மணமும் நிறமும் அற்ற நஞ்சு. மூடிய கொட்டகையில் எஞ்சினை ஓடவிட்டுச் சோதித்தல் உயிருக்கு உலை வைக்கும். வேட்டியும் தோள்துண்டும் அணிந்து, சுழலும் விசிறியின் முன் குனிதலும் அத்தகையதே.

பெட்ரோலைக் கணினி பீய்ச்சும் வண்டிகளும் இன்று பழைய வண்டிகளாகிவிட்டன. 1998இல் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையிலிருந்து வெளிவந்த சாண்ட்ரோவுக்கு வயது இருபத்தைந்தைக் கடந்துவிட்டது. அவற்றில் திருகாணி தேட வேண்டா. த்ராட்டில் வாயில் படிந்த கரி, வெற்றோட்டக் காற்றைக் கட்டுப்படுத்தும் சிறு வால்வு, வெப்பத்தை உணர்த்தும் உணரி ஆகிய மூன்றில்தான் பெரும்பாலும் குற்றம் காணப்படும். பேட்டரியைக் கழற்றி மாட்டியபின் சிறிது நேரம் வெற்றோட்டம் தடுமாறினால் அஞ்ச வேண்டா; கணினி மீண்டும் பழகிக்கொள்ளும். மேனிஃபோல்டு அழுத்தத்தை அளந்து பெட்ரோல் விடும் வண்டிகளில் திருட்டுக் காற்று புகுந்தால் எஞ்சின் தளராமல் வேகம் கூடிவிடும் என்பது மட்டும் நினைவிருக்கட்டும். கணினி புகுந்த காற்றுக்கும் சேர்த்துப் பெட்ரோல் விடுவதே காரணம்.

மலைமேல் ஏறினால்

நம் மாவட்டத்தவர்க்குரிய செய்தி ஒன்று எஞ்சியுள்ளது. கச்சிராயபாளையத்தைக் கடந்து, கோமுகி அணைக்கு மேலே வெள்ளிமலைக்கும் கரியாலூருக்கும் செல்லும் சாலையில் ஏறிய பழைய கார், மேலே சென்று நின்றதும் கரும்புகை விட்டுத் திணறுவதைப் பலர் கண்டிருப்பர். சின்னக் கல்வராயன் ஏறத்தாழ 2700 அடியும் பெரிய கல்வராயன் ஏறத்தாழ 4000 அடியும் உயர்ந்தவை. 4000 அடியில் காற்றின் அடர்த்தி சமவெளியைவிடப் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மிகுதியாகவே குறைந்திருக்கும். கார்புரேட்டர் காற்றின் கன அளவை நம்பிப் பெட்ரோல் விடுவதால் கலவையில் பெட்ரோல் மிகுந்துவிடுகிறது. எத்தனால் செய்வதற்கு நேர்மாறான விளைவு இது. சமவெளியில் எத்தனாலுக்கு ஈடுகட்டக் கலவையை மிகைப்படுத்தி வைத்தவர் மலையில் இரட்டிப்பாகத் திணறுவார். காற்று வடிகட்டியில் தூசி நிறைந்திருந்தால் சொல்லவே வேண்டா.

வளைவுகளில் எஞ்சின் அணைதல் சமவெளியில் அணைவது போன்றதன்று. சர்வோ பிரேக் உள்ள வண்டியில் எஞ்சின் நின்றபின் இரண்டொரு மிதியிலேயே சர்வோவின் உதவி தீர்ந்து, பிரேக் கல்லாய்க் கனக்கும். கியரில் இருக்கும் வண்டியை நியூட்ரலில் உருள விட்டால் நிலைமை இன்னும் மோசமாகும். ஆகவே மலைக்குப் புறப்படுமுன் அடிவாரத்திலேயே வெற்றோட்டத்தைச் சோதித்துக் கொள்க. மேலே சில நாள் தங்க நேர்ந்தால் கலவைத் திருகாணியைக் கால் சுற்று உள்ளே திருகலாம். எத்தனை சுற்று என்பதைக் குறித்து வைத்து, இறங்கிக் கச்சிராயபாளையம் வந்து சேர்ந்தவுடன் அதே அளவு வெளியே திருகிவிட வேண்டும்.